ஃபேக்டரி கேட்டுல இருந்து பையர் குடோன் வரைக்கும்: ஏற்றுமதி கண்டெய்னரை டிராக் பண்றது எப்படி, சீலைக் காப்பாத்துறது எப்படி – முழுமையான வழிகாட்டி

இது எக்ஸ்போர்ட் டிபார்ட்மெண்டுக்குப் புதுசா வந்தவங்களுக்கு. திருப்பூர் ஃபேக்டரில லோட் ஆகி, தூத்துக்குடில கப்பல் ஏறி, கொழும்புல கப்பல் மாறி, ரோட்டர்டாமோ ஆண்ட்வெர்ப்போ போற ஒரு 40 அடி ஃபுல் கண்டெய்னரை வெச்சு சொல்றேன். சென்னை, கொச்சி வழியா அனுப்புறவங்களுக்கும் வரிசை இதேதான், போர்ட் பேரு மட்டும் மாறும்.

ஒண்ணு முதல்லயே தெரிஞ்சுக்கங்க. பாக்ஸ் எங்க இருக்குன்னு ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் காட்டுற ஒரே ஸ்க்ரீன் எதுவும் கிடையாது. ரோட்டுல டிரான்ஸ்போர்ட்காரர் கையில, போர்ட்ல டெர்மினல் கையில, கடல்ல லைன் (கப்பல் கம்பெனி) கையில, அந்தப் பக்கம் பையரோட வண்டிக்காரர் கையில. சரக்கு காணாம போறதும் தகவல் காணாம போறதும் பெரும்பாலும் இந்தக் கை மாறுற இடத்துலதான். கீழ இருக்கிற வேலை எல்லாமே அந்த ஒவ்வொரு இடத்துலயும் சீல் அதேதான், நேரம் இது, ஆள் இவர்னு ஒரு ஆதாரம் எடுத்து வைக்கிறதுக்குத்தான்.

1. வண்டி வர்றதுக்கு முன்னாடி நம்பர்களைச் சேருங்க

ஒரு எக்செல் ஷீட் திறந்து இதை எல்லாம் ஒரே வரில போடுங்க: புக்கிங் நம்பர், கண்டெய்னர் நம்பர், லைன் சீல் நம்பர், இ-சீல் (ரீடர் வெச்சுப் படிக்கிற எலக்ட்ரானிக் சீல்) நம்பர், மாஸ்டர் பிஎல் (லைன் தர்ற சரக்கு ரசீது, பில் ஆஃப் லேடிங்) நம்பர், ஃபீடர் (கொழும்பு வரைக்கும் போற சின்னக் கப்பல்) பேரும் வாயேஜும் (பயண நம்பர்), மதர் வெசல் (அங்க இருந்து ஐரோப்பா போற பெரிய கப்பல்) பேரும் வாயேஜும், ரெண்டு கப்பலோட ஐஎம்ஓ நம்பர் (கப்பலோட நிரந்தர அடையாள நம்பர்). சிலது பிறகுதான் கிடைக்கும், காலியா விடுங்க, ஆனா அதுக்கான கட்டம் இருக்கணும், இல்லைன்னா கேட்கவே மறந்துடுவீங்க.

புதுசா வர்றவங்க முதல்ல முட்டிக்கிறது மாஸ்டர் பிஎல்லுக்கும் ஹவுஸ் பிஎல்லுக்கும் நடுவுலதான். ஃபார்வர்டர் (கப்பல்ல இடம் பிடிச்சுத் தர்ற ஏஜென்ட்) குடுக்கிறது ஹவுஸ் பிஎல், அது அவங்க போட்ட நம்பர், அதை லைன் வெப்சைட்ல அடிச்சா ரெக்கார்டு இல்லைன்னுதான் வரும், உடனே பாக்ஸ் ஏறவே இல்ல போலன்னு பையருக்கு மெயில் போட்டுட்டு உட்கார்ந்திருப்பாங்க. லைன் சைட்டுக்கு வேண்டியது மாஸ்டர் பிஎல் அல்லது கண்டெய்னர் நம்பர். எஃப்ஓபி (கப்பல் வாடகையை பையர் கட்டுற) ஷிப்மெண்ட்ல ஃபார்வர்டர் பையர் நாமினேட் பண்ணவரா இருந்தா மாஸ்டர் பிஎல் தர யோசிப்பாங்க, அப்ப கண்டெய்னர் நம்பரை வெச்சே ஓட்டலாம், லைன் யாருன்னு மட்டும் கேட்டு வாங்கிடுங்க.

பாக்ஸ் மேல இருக்கிற எழுத்தைப் பார்த்து லைன் எதுன்னு முடிவு பண்ணாதீங்க. டிஜிஹெச்யூன்னு ஆரம்பிக்கிற பாக்ஸ் டெக்ஸ்டெய்னர்னு ஒரு லீசிங் கம்பெனியோடது, அதை எந்த லைன் வேணா வாடகைக்கு எடுத்து ஓட்டும்.

2. கண்டெய்னர் நம்பரை செக் டிஜிட் போட்டு சரிபாருங்க

நம்பர்ல 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியா தனியா கட்டம் போட்டு ஒரு இலக்கம் இருக்கும். அந்தக் கடைசி ஒண்ணு மத்த பத்தையும் வெச்சுக் கணக்குப் போட்டு வர்றது, ஐஎஸ்ஓ 6346 விதி. டிரைவர் போன்ல சொன்ன நம்பரை எழுதும்போது ஒரு இலக்கம் தப்பினா இதுல மாட்டிக்கும்.

கணக்கு இப்படி. எழுத்துக்கு மதிப்பு ஏ 10ல ஆரம்பிச்சு இசட் 38 வரைக்கும், நடுவுல 11, 22, 33 மூணையும் தாண்டிடணும். ஒவ்வொரு இடத்தையும் வரிசையா 1, 2, 4, 8, 16ன்னு 512 வரைக்கும் பெருக்கி, கூட்டி, 11ஆல வகுத்து மீதி எடுக்கணும், மீதி 10 வந்தா 0. பாடத்துல எப்பவும் காட்டுற சிஎஸ்கியூயூ 305438ங்கிற நம்பருக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3, அதனால முழு நம்பர் சிஎஸ்கியூயூ 305438 3. கையில போட வேண்டாம், எக்செல்ல ஒரு ஃபார்முலா எழுதி வெச்சுட்டா தப்பான நம்பருக்கு செல் சிவப்பாயிடும். பூஜ்ஜியமா 'ஓ'வான்னு குழம்புறவங்களுக்கு: முதல் நாலுல எழுத்து மட்டும், மீதி ஏழுல இலக்கம் மட்டும், இதுக்கு விதிவிலக்கே கிடையாது.

ஒரு நம்பர் தப்பா போய் ஷிப்பிங் பில்லுல (கஸ்டம்ஸுக்குக் குடுக்கிற ஏற்றுமதிப் பத்திரம்) ஏறிட்டா அமெண்ட்மெண்ட், விஜிஎம் (சரிபார்த்த மொத்த எடை) மறுபடி, பிஎல் கரெக்ஷன்னு ஒவ்வொண்ணுக்கும் காசும் நேரமும். அதான் இதை ரெண்டாவது ஸ்டெப்பா வெச்சேன்.

3. காலி பாக்ஸ் வந்ததும் ஏழு இடம் பாருங்க, லோடிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

முன் சுவர், இடது பக்கம், வலது பக்கம், தரை, கூரை, கதவு உள்ளேயும் வெளியேயும், அடிப்பாகம். அமெரிக்காவோட சரக்குப் பாதுகாப்புத் திட்டமான சி-டிபேட் ஆட்கள் சொல்ற ஏழு பாயிண்ட் இதுதான், ஐரோப்பிய பையர் ஆடிட்லயும் இதைத்தான் கேட்பாங்க.

உள்ள ஒரு ஆள் போய் நின்னு கதவைச் சாத்துங்க, ரெண்டு நிமிஷம் போதும், எங்கயாவது வெளிச்சம் தெரிஞ்சா ஓட்டை இருக்கு, மழைத்தண்ணி உள்ள வரும். முன் சுவரைத் தட்டிப் பாருங்க, டேப் வெச்சு உள்நீளம் அளங்க, 40 அடி பாக்ஸுக்கு உள்ள சுமார் 12 மீட்டர் இருக்கணும், அதுக்கும் கணிசமா குறைஞ்சா போலிச் சுவர் இருக்கலாம். பாக்ஸ் கதவுல சீல் போடுற கைப்பிடி இருக்கே, அதைப் பிடிச்சிருக்கிற ரிவெட்டை கிட்டப் போய் பாருங்க. நிறைய பேரு சீலைத்தான் பார்க்கிறாங்க. திருடுறவன் சீலைத் தொடவே மாட்டான், அந்த ரிவெட்டை டிரில் பண்ணி எடுத்துட்டு கைப்பிடியோட கழட்டுவான், சரக்கை இறக்கிட்டு மறுபடி போல்ட் போட்டு பெயிண்ட் அடிச்சுடுவான், சீல் அப்படியே இருக்கும். புது பெயிண்ட் வாசனை, தலை பளபளன்னு இருக்கிற போல்ட், இடது வலதுல ஒண்ணுக்கொண்ணு வேற மாதிரி ரிவெட், இது எதுவா இருந்தாலும் பாக்ஸை மாத்திக் கேளுங்க. கட்-ஆஃப் (போர்ட்ல பாக்ஸ் எடுத்துக்கிற கடைசி நேரம்) நெருங்கிடுச்சு, பரவால்ல லோட் பண்ணுன்னு மேனேஜர் சொன்னா அதை மெயில்ல சொல்லச் சொல்லுங்க, பெரும்பாலும் பாக்ஸ் மாறிடும்.

4. டிராக்கர் வைக்கிறதா இருந்தா இப்ப

எல்லா ஷிப்மெண்டுக்கும் டிராக்கர் வேண்டியதில்ல. பேசிக் டி-ஷர்ட்டுக்கு லைன் தர்ற தகவலே போதும். விலை கூடின சரக்கு, பையர் லேட் ஆனா பெனால்டி போடுறவர், மழைக்காலத்துல போற வெள்ளைத் துணி, இதுக்கு வைங்க.

நிறைய பேரு பண்றது, டிராக்கரை கடைசில இருந்து மூணாவது வரிசை கார்ட்டனுக்குள்ள மறைச்சு வைக்கிறது. பாக்ஸ் முழுக்க இரும்பு. உள்ள ஜிபிஎஸ்ஸும் வராது, மொபைல் சிக்னலும் தடுமாறும், ஃபேக்டரிய விட்டதும் புள்ளி நின்னுடும். கதவுல மாட்டுற டைப் வாங்குங்க, ஆன்டெனா பகுதி கதவு ரப்பர் வழியா வெளில வரும், லைட் சென்சார் உள்பக்கம் இருக்கும். கதவு திறந்தா வெளிச்சம் பட்டு அலர்ட் வரும்.

பிங் இடைவெளிய முன்னாடியே செட் பண்ணுங்க. ரோட்டுல 10 நிமிஷத்துக்கு ஒண்ணு, கப்பல் ஏறினதும் 6 மணி நேரமோ 12 மணி நேரமோ. 10 நிமிஷத்துலயே விட்டா பேட்டரி நடுக்கடல்ல செத்துடும், தேவைப்படுற இடமான அந்தப் பக்கத்து போர்ட்ல ஒண்ணும் தெரியாது. கடல்ல மொபைல் டவர் கிடையாது, டிவைஸ் தகவலைச் சேர்த்து வெச்சுக் கரை வந்ததும் அனுப்பணும், அந்த வசதி இருக்கான்னு கேட்டு வாங்குங்க. லித்தியம் பேட்டரின்னா யுஎன் 38.3 டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கி ஃபைல்ல வைங்க, டிராக்கர் வைக்கிறோம்னு ஃபார்வர்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லுங்க. சாட்டிலைட் வழியா பேசுற டைப் வேணும்னா கொஞ்சம் நில்லுங்க, நம்ம நாட்டுல சாட்டிலைட் போனுக்கே தொலைத்தொடர்புத் துறை அனுமதி வேணும், விக்கிறவர்கிட்ட அந்த அனுமதிப் பேப்பரைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

ஈரப்பதம் பார்க்கிற சென்சார் இருந்தா ரொம்ப உபயோகம். பகல்ல சூடு, ராத்திரி குளிர்னு மாறி மாறி கூரையில தண்ணி கோத்து சொட்டும், பூஞ்சை வந்த சட்டைக்கு பையர் கிளெய்ம் போடும்போது எந்தத் தேதில ஈரம் ஏறுச்சுன்னு காட்ட அது ஒண்ணுதான் இருக்கும்.

5. சீல் போடுறது

போல்ட் சீல் ஐஎஸ்ஓ 17712ல ஹெச் கிளாஸா இருக்கணும், சீல் மேலயே ஹெச்னு அச்சு இருக்கும். ஃபேக்டரில நாமளே சீல் பண்ணி அனுப்புற அனுமதி வாங்கினவங்க 2017ல இருந்து ஆர்எஃப்ஐடி இ-சீல் போடணும், லைன் குடுக்கிற சீல் அது தனி.

வரிசை முக்கியம். கடைசி கார்ட்டன் ஏறினதும் ஒரு போட்டோ, இடது கதவு சாத்தினதும் ஒண்ணு, ரெண்டும் சாத்தினதும் ஒண்ணு. வலது கதவு கைப்பிடில சீலை மேல இருந்து கீழ சொருகி அமுக்குங்க, டக்குனு சத்தம் வரும். வந்ததும் வேலை முடிஞ்சுதுன்னு போயிடாதீங்க: கண்ணால பாரு, நம்பரை பேப்பரோட ஒத்துப் பாரு, கீழ இழு, திருகு. சரியா லாக் ஆகாத சீல் இழுக்கும்போதே கையோட வரும், அதை ஹைவேல கழண்டு விழுந்த பிறகு கண்டுபிடிக்கிறதுக்கு இங்கயே கண்டுபிடிங்க. அப்புறம் சீல் நம்பர் தெரியற மாதிரி கிட்டத்துல ஒண்ணு, சீலும் கண்டெய்னர் நம்பரும் ஒரே ஃப்ரேம்ல ஒண்ணு.

இ-சீல் விவரம், அதாவது ஐஇசி (ஏற்றுமதியாளர் கோடு), ஷிப்பிங் பில் நம்பர், தேதி, கண்டெய்னர் நம்பர், வண்டி நம்பர், சீல் பண்ண நேரம், எல்லாம் வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி அப்லோட் ஆகணும். கடைசி நேரத்துல டிரான்ஸ்போர்ட்காரர் வண்டிய மாத்திட்டா பழைய நம்பர்லயே நிக்கும். போர்ட்ல ரீடர்ல படிக்கும்போது விவரம் ஒத்துப் போகலைன்னா பாக்ஸை எக்ஸாமினேஷனுக்குத் தள்ளிடுவாங்க, கப்பல் போயிடும்.

சீல் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. சிரிக்காதீங்க, லோடிங் முடிஞ்ச சந்தோஷத்துல சூப்பர்வைசர் பாக்ஸ் முன்னாடி நின்னு போட்டோ போடுறது எல்லா ஃபேக்டரிலயும் நடக்குது. கண்டெய்னர் நம்பரும் சீல் நம்பரும் ஒண்ணா வெளில போனா அதே நம்பர்ல போலி சீல் செய்யலாம். ஐரோப்பாவுக்குப் போதைப்பொருள் கடத்துறவங்க சம்பந்தமே இல்லாத ஒருத்தரோட பாக்ஸைத் திறந்து பையை உள்ள போட்டு, அதே நம்பர்ல டூப்ளிகேட் சீல் போட்டு அனுப்புற முறை பல வருஷமா நடக்குது. ஷிப்பர் இடத்துல பேரு உங்களோடது.

6. ஃபேக்டரில இருந்து தூத்துக்குடி

தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை. ராத்திரி ஓட்டம். எங்க நிக்கலாம்னு டிரைவர்கிட்ட முன்னாடியே பேசி ரெண்டு இடம் முடிவு பண்ணி, அந்த இடத்தையும் ரூட்டையும் ஜியோஃபென்ஸா (தாண்டினா அலர்ட் வர்ற மேப் எல்லை) போடுங்க. ஒவ்வொரு டீக்கடைக்கும் அலர்ட் வர்ற மாதிரி செட் பண்ணா மூணாவது நாளே யாரும் அலர்ட்டைப் பார்க்க மாட்டாங்க. 30 நிமிஷத்துக்கு மேல சொல்லாத இடத்துல நின்னா மட்டும் வரட்டும், வந்தா ராத்திரி யாரு எடுக்கிறதுன்னு பேரு போட்டு வைங்க. டிரைவரை விசாரிக்கிற தொனியில பேச வேண்டாம், "அண்ணே, வண்டி நிக்குதே, டயரா, என்னாச்சு"ன்னு கேட்டா அவரே சொல்லுவார்.

எடை மாதிரி சும்மா கிடைக்கிற சென்சார் வேற இல்ல. விஜிஎம் இல்லாம 2016 ஜூலை 1ல இருந்து எந்தப் பாக்ஸும் கப்பல் ஏறாது, அதனால எப்படியும் எடை போடத்தான் போறீங்க. ஊர்ல வே பிரிட்ஜ்ல வண்டியோட போட்ட எடையையும் போர்ட் பக்கம் போட்ட எடையையும் வெச்சுப் பாருங்க. டீசல் செலவாகி கொஞ்சம் குறையும், ரெண்டு பிரிட்ஜுக்கும் நடுவுல சின்ன வித்தியாசம் இருக்கும், நூறு கிலோ வரைக்கும் கவலையில்ல. ஒரு டி-ஷர்ட் கார்ட்டன் 12, 15 கிலோன்னா, இருபது கார்ட்டன் போச்சுன்னா இருநூறு முந்நூறு கிலோ, அது ஸ்லிப்ல தெரிஞ்சுடும்.

போர்ட் உள்ள போனதை எல்டிபில பாருங்க. லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க், கண்டெய்னர் நம்பர் அடிச்சா போதும், காசு கிடையாது. போர்ட் கேட், சிஎஃப்எஸ் (போர்ட் பக்கத்துல இருக்கிற கண்டெய்னர் யார்டு), சில டோல்கேட்ல இருக்கிற ஆர்எஃப்ஐடி ரீடர் படிச்ச நேரம் வரும். எல்லா டோல்லயும் ரீடர் இல்ல, நடுவுல ஒரு எண்ட்ரி இல்லைன்னா பதற வேண்டாம். லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர் (கஸ்டம்ஸ் ஏற்றுமதி அனுமதி) வந்துருச்சான்னு ஐஸ்கேட்ல (கஸ்டம்ஸ் வெப்சைட்) தனியா பார்க்கணும், பாக்ஸ் போர்ட்டுக்குள்ள போனதும் கஸ்டம்ஸ் விட்டதும் வேற வேற விஷயம்.

கஸ்டம்ஸ் எக்ஸாமினேஷனுக்குத் திறந்தா பழைய சீல் வெட்டி புது சீல் போடுவாங்க. சிஎச்ஏகிட்ட (கஸ்டம்ஸ் ஏஜென்ட்) அன்னைக்கே புது நம்பரும் போட்டோவும் வாங்கி பிஎல் டிராஃப்டை மாத்துங்க. இங்கதான் நிறைய பேரு தப்பு பண்றது. டிராஃப்ட் பழைய நம்பரோட போயிடும், அங்க பையர் திறக்கும்போது சீல் ஒத்துவராது, யாரும் எதையும் திருடாமலே நீங்க விளக்கம் எழுதிட்டு இருப்பீங்க.

7. லைன் வெப்சைட்டை வாசிக்கிறது, முக்கியமா கொழும்பு

வெப்சைட்ல வர்ற தேதில பாதி நடந்தது, பாதி நடக்கும்னு எதிர்பார்க்கிறது. ஆக்சுவலா எஸ்டிமேட்டான்னு பக்கத்துல சின்னதா இருக்கும், இல்லைன்னா கலர் மாறி இருக்கும். எஸ்டிமேட் தேதிய எடுத்து பையருக்கு "கிளம்பிடுச்சு"ன்னு எழுதுறது ரொம்ப சகஜமான தப்பு. நீங்க காத்திருக்க வேண்டியது ஒவ்வொரு நிகழ்வும் ஆக்சுவலா மாறுறதுக்கு: கேட் இன், லோடட், கொழும்புல டிஸ்சார்ஜ் (இறக்கினது), கொழும்புல மறுபடி லோடட், கடைசி போர்ட்ல டிஸ்சார்ஜ், கேட் அவுட்.

கப்பல் கிளம்பிடுச்சுங்கிறதும் உங்க பாக்ஸ் ஏறிடுச்சுங்கிறதும் ஒண்ணில்ல. ஏத்தாம விட்டுட்டுப் போறது உண்டு, ரோல்ஓவர்னு சொல்லுவாங்க.

கொழும்புல உங்க ஃபீடர் ஒரு டெர்மினல்ல இறக்கும், மதர் வெசல் இன்னொரு டெர்மினலுக்கு வரும். ஜேசிடி, எஸ்ஏஜிடி, சிஐசிடின்னு தனித்தனி ஆளுங்க நடத்துறது, நடுவுல பாக்ஸ் லாரில போகணும், அந்த நேரத்துல டிராக்கிங்ல ஒண்ணும் அசையாது. அதனால டிஸ்சார்ஜ் ஆகி ரெண்டு நாள் அமைதியா இருந்தா பரவால்ல. மதர் வெசல் கொழும்பு வர்ற தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி ஃபார்வர்டர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: இந்தப் பாக்ஸ் லோட் லிஸ்ட்ல இருக்கா? கப்பல் போன பிறகு கேட்டு பிரயோஜனம் இல்ல, அடுத்த வாரக் கப்பல்தான்.

ஐரோப்பா போற கப்பல்ல ஏத்துறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி சரக்கு விவரம் ஐரோப்பிய கஸ்டம்ஸுக்குப் போகணும். அதுல வெறும் "கார்மெண்ட்ஸ்"னு போட்டுட்டு ஹெச்எஸ் கோடையும் (சரக்கு வகை நம்பர்) அரைகுறையா குடுத்தா கேள்வி திரும்பி வரும், பாக்ஸ் கொழும்புலயே நின்னுடும். "ஆண்கள் காட்டன் நிட்டட் டி-ஷர்ட்"னு தெளிவா போடச் சொல்லுங்க.

8. கடல்ல இருக்கும்போது

மரைன் டிராஃபிக், வெசல் ஃபைண்டர் மாதிரி சைட்ல கப்பலைப் பார்க்கலாம். பேரை வெச்சுத் தேடாதீங்க, ஒரே பேர்ல பல கப்பல் இருக்கு, பேரும் மாறும். 7 இலக்க ஐஎம்ஓ நம்பர் கப்பல் உடைக்கிற வரைக்கும் மாறாது.

அது காட்டுறது கப்பலைத்தான், உங்க பாக்ஸை இல்ல. இலவச கணக்குல கரை தாண்டினதும் கப்பல் மறைஞ்சுடும், ஏன்னா கரையில இருக்கிற ஏஐஎஸ் (கப்பல் தன் இடத்தை ரேடியோல சொல்ற சிஸ்டம்) ரிசீவருக்கு அவ்ளோ தூரம்தான் எட்டும், நடுக்கடல் தகவல் சாட்டிலைட்ல வர்றது, அதுக்குக் காசு. ஏஐஎஸ்ல வர்ற ஈடிஏ (வந்து சேர்ற உத்தேச நேரம்) கப்பல்ல இருக்கிறவங்க கையால அடிக்கிறது, போன போர்ட்டோட ஈடிஏவே மாத்தாம இருக்கும், அதை நம்பாதீங்க. செங்கடல், கிழக்கு மத்தியதரைக்கடல், ஹார்முஸ் பக்கம் ஜிபிஎஸ் ஜாமிங் இருக்கிறதால சில சமயம் கப்பல் பாலைவனத்துக்கு நடுவுல நிக்கிற மாதிரி காட்டும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டு ஓனரைப் பயமுறுத்தாதீங்க.

2023 கடைசில இருந்து செங்கடல் பிரச்சனையால பெரும்பாலான லைன் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போக ஆரம்பிச்சாங்க, பத்து, பதினாலு நாள் கூடும். எந்த வழின்னு புக்கிங் போடும்போதே கேட்டு ஷீட்ல எழுதுங்க, டிராக்கர் பேட்டரிக் கணக்கும் அதை வெச்சுத்தான்.

9. கதவு திறந்த அலர்ட் வந்தா

முதல்ல இடத்தைப் பாருங்க. போர்ட் உள்ளேன்னா கஸ்டம்ஸ் எக்ஸாமினேஷனா இருக்கலாம், சிஎச்ஏவுக்குக் கூப்பிட்டாலே தெரிஞ்சுடும். ரோட்டுலன்னா டிரைவருக்கு முன்னாடி டிரான்ஸ்போர்ட் ஓனருக்குக் கூப்பிடுங்க, வீடியோ கால்ல சீலைக் காட்டச் சொல்லுங்க, நம்பர் ஒத்துவரலைன்னா வண்டி அங்கேயே நிக்கட்டும், 112. யாரும் கதவைத் திறந்து பார்க்க வேண்டாம், சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி நாமளே திறந்தா இன்சூரன்ஸ்காரருக்கு மறுக்க ஒரு காரணம் கிடைச்சுடும். வெயில்ல கதவு ரப்பர் இடுக்கு வழியா வெளிச்சம் போய்க்கூட அலர்ட் வரும், கூடவே அதிர்வும் பதிவாகி இருக்கான்னு பாருங்க.

10. அந்தப் பக்கம் ரிலீஸும் டெலிவரியும்

ரோட்டர்டாம், ஆண்ட்வெர்ப்ல பாக்ஸை எடுக்கிறதுக்கு முன்னெல்லாம் ஒரு பின் கோடு போதும், அந்த நம்பரைத் திருடி வேற வண்டில பாக்ஸையே தூக்கிட்டுப் போனாங்க. இப்ப ஆண்ட்வெர்ப்ல சர்ட்டிஃபைட் பிக் அப், ரோட்டர்டாம்ல செக்யூர் செயின்னு, யார் எடுக்கப் போறாங்கன்னு அடையாளம் காட்டின ஆளுக்கு மட்டும் உரிமை கை மாறுற மாதிரி பண்ணியிருக்காங்க. இது பையர் பக்கத்து வேலை. உங்க வேலை, அரைவல் நோட்டீஸையும் பிஎல் காப்பியையும் இருபது பேரு சிசில இருக்கிற மெயில்ல அனுப்பாம இருக்கிறது.

பாக்ஸ் குடோன் போனதும் பையர்கிட்ட வெட்டுறதுக்கு முன்னாடி சீல் போட்டோ கேளுங்க, முன்கூட்டியே மெயில்ல எழுதி வாங்குங்க, இல்லைன்னா வெட்டித் தூக்கிப் போட்டுடுவாங்க. நீங்க எடுத்த க்ளோஸ்-அப்போட பக்கத்துல வெச்சு நம்பரை மட்டும் பார்க்காதீங்க, அச்சு எழுத்தோட வடிவம், கலர், கீறல் எல்லாம் பாருங்க, போலி சீல்ல நம்பர் சரியாத்தான் இருக்கும்.

சேதமோ குறைவோ இருந்தா டெலிவரி ரசீதுலயே எழுதிட்டுத்தான் கையெழுத்துப் போடணும். வெளிலருந்து பார்த்தா தெரியாத சேதம்னா ஹேக்-விஸ்பி (கடல் சரக்குக்கான சர்வதேச விதி) விதிப்படி 3 நாளைக்குள்ள லைனுக்கு எழுத்துல நோட்டீஸ் போகணும், வழக்குப் போட ஒரு வருஷம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெலிவரி எடுத்து திங்கக்கிழமை திறக்கிற பையர்னா அந்த 3 நாள் அப்பவே கிட்டத்தட்ட முடிஞ்சிருக்கும், அதனால டெலிவரி தேதி தெரிஞ்சதுமே அவங்களுக்கு ஒரு ஞாபக மெயில் போடுங்க. டிராக்கரைக் கழட்டித் திருப்பி அனுப்ப லேபிளை அது கூடவே கவர்ல போட்டு அனுப்பியிருக்கணும், இல்லைன்னா அது காலி பாக்ஸோட யார்டுக்குப் போயிடும்.